கட்டாத வரியும் நாற்பத்தைந்து நாளும்

"துப்பாக்கிக்கும் வரிக்கும் நடுவுல உனுக்கு இன்னாம்மா வேல? படிக்கிற பொண்ணு, போய் அந்த பெஞ்சில உக்காரு."

சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடை முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னது இது. அப்போது நான் திருத்தணியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது; இப்போதும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கடையில் நான் பெஞ்சில் உட்காராமல் நின்றதற்கு எங்கள் வீடு என்ன விலை கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எங்கள் நிலம் கே.ஜி.கண்டிகைக்குப் போகிற பக்கம், குன்றடியில் இருக்கிறது. மூன்று ஏக்கர், எல்லாம் வேர்க்கடலை. சுற்றிலும் ஆலைக்குப் போகிற கரும்பு நின்றதால் காட்டுப்பன்றிகளுக்கு ஒளிய இடத்துக்குக் குறைவில்லை. கடலை பிஞ்சு வைக்கிற சமயம் பார்த்து இறங்கும். நைனா, அதாவது என் அப்பா, தகரம் தட்டிப் பார்த்தார். தீபாவளியில் மிஞ்சிய வெடிகளை வாங்கி வைத்துக் கொளுத்திப் பார்த்தார். அம்மாவின் பழைய புடவைகளைக் கிழித்து வேலி முழுக்கக் கட்டினார். பன்றிகளுக்கு அந்தப் புடவைகள் பழகிப்போனதுதான் மிச்சம். கடைசியில், வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு போட்டால் போதும், திரும்ப வராது என்று யாரோ சொல்ல, பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனு போட முடிவு செய்தார்.

அந்த மனுவுக்காகத்தான் நைனா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அதுவரை கைநாட்டு. கைநாட்டுக்காரன் கையில் யார் துப்பாக்கி கொடுப்பார்கள் என்ற பயம் அவருக்கு. மனுவை நான் எழுதினேன். மணியக்காரர், போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதினேன். இரண்டு வருடம் போயிற்று. என் கையெழுத்தின் வழியாகத்தான் எங்கள் குடும்பம் அரசாங்கத்தோடு முதன்முதலாகப் பேசியது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

லைசென்ஸ் ஒரு ஆடி மாதம் வந்தது. சின்ன புத்தகம் மாதிரி, நைனாவின் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் கொண்டுபோய்ச் சாமி காலில் வைத்துத்தான் எடுப்பேன் என்றார். காவடிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு படியேறினோம். எங்கள் வீட்டிலிருந்து வருடா வருடம் புதுக்கடலை வாங்கிக்கொள்கிற குருக்கள் ஒருவர் உள்ளே இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நைனாவைப் பார்த்தார்.

"சாமி கோபம் தணிஞ்சு வந்து உக்காந்த மலை இது. இங்க வந்து துப்பாக்கிக்கு ஆசி கேக்கறீரே."

"சாமி தணிஞ்சிட்டாரு சாமி. பன்னி தணியலயே" என்றார் நைனா.

குருக்கள் சிரித்துக்கொண்டே புத்தகத்தை உள்ளே கொண்டுபோனார். சந்தனமும் குங்குமமும் அப்பித் திரும்பி வந்தது. நைனா அதை மஞ்சள் துணியில் சுற்றி, மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். துப்பாக்கியைப் பார்க்கிற வரைக்கும் முடிச்சை அவிழ்ப்பதில்லை என்று வேண்டுதல். எங்கள் வீடுகளில் நிலப் பத்திரமானாலும் ஜாதகமானாலும் அப்படித்தான். காரியம் முடிவதற்குள் பிரித்தால் காரியம் கலைந்துவிடும் என்பார்கள். மளிகைக் கடையில் மடித்துக் கொடுக்கிற காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற நான், அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. படிக்கத் தோன்றவுமில்லை.

புதுத் துப்பாக்கி வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. எங்கள் நிலத்தை ஒட்டிய பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவர் எனக்கு மாமா முறை. நைனாவை, அத்தான் என்கிற முறையில், "பாவா" என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் கால் வைத்தியத்துக்காக சென்னையில் மகன் வீட்டில் போய் இருந்தபோது தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ, அதற்கென்று அனுமதி உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். மாமா சென்னைக் கடையில் கொடுத்தார். தேர்தல் முடிந்தும் திரும்ப வாங்கவில்லை. இனி வரப்பில் ஓடுகிற கால் இல்லை, நீயே எடுத்துக்கோ பாவா என்று நைனாவிடம் சொல்லிவிட்டார். விலையும் பேசி முடிந்தது. அதனால்தான் புரட்டாசியில் ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் ரயிலேறினோம். நைனா, மாமா, நான். நைனா மடியில் பணம், மஞ்சள் பைக்குள் அந்த மஞ்சள் துணி முடிச்சு.

அந்தக் கடையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. எண்ணெயும் பழைய மரமும் இரும்பும் கலந்த ஒரு வாசனை. சுவரோரமாகத் துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, விசைகளுக்கு ஊடாக ஒரே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு நிறத்தில் தோட்டாக்கள் மிட்டாய் மாதிரி அடுக்கியிருந்தன. முதலாளி வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. மாமாவின் துப்பாக்கியை உள்ளேயிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். பிறகு ஒரு தாளை மாமா பக்கம் தள்ளினார்.

"பெரியவரே, இதுல ஒரு கையெழுத்து. நீங்க கடைக்கு வித்துட்டதா. அப்பறம் நான் இவருக்குப் பில்லு போட்டுத் தர்றேன். வெல மேல சேல்ஸ் டாக்ஸ் வரும்."

"டாக்ஸா?" என்றார் நைனா. கை தானாக மடியைத் தொட்டது. "அத்த யாரும் சொல்லலியே."

"யாரு சொல்லணும்? கடைன்னா டாக்ஸுதான்."

அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் விற்பனை வரி நடத்தியிருந்தார்கள். யார் வியாபாரி, எது விற்பனை, யார் விற்றால் வரி. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. எழுந்து மேசை பக்கம் போனேன்.

"சார், இந்தத் துப்பாக்கி உங்களுதா?"

"கடையில கீது இல்ல? அப்போ யாருது?"

"நீங்க காசு குடுத்து வாங்கினீங்களா சார்?"

அப்போதுதான் அவர், நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார், பெஞ்சைக் காட்டினார். நான் நகரவில்லை. மேசைமேல் இரண்டு பேரேடுகள் இருந்தன, ஒன்று சிவப்பு அட்டை, ஒன்று நீல அட்டை. மாமாவின் துப்பாக்கி எதில் இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டே நீலத்தைத் திருப்பினார். சிவப்பு, கடையின் சரக்கு. நீலம், பிறர் பத்திரமாக வைத்துவிட்டுப் போனது. நீலத்தில் மாமாவின் பெயரும் துப்பாக்கி எண்ணும் இருந்தன.

"பாருங்க சார், இது ஒப்படைச்ச பொருள். மாமா விவசாயி. தன் சொந்தப் பொருள பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரே ஒரு தபா குடுக்கறாரு. அவரு வியாபாரி இல்ல, அதனால அவருக்கு வரி இல்ல. நீங்க விக்கவே இல்ல, அதனால உங்களுக்கும் இல்ல. அவரு கடைக்கு வித்ததா எழுதினாத்தான் வரியே வருது. அத்த எதுக்கு எழுதணும்?"

மாமா தொடையைத் தட்டினார். "அப்படி சொல்லு புள்ள. நான் இன்னா யாபாரியா? ஏர் புடிச்ச கை இது. என் பொருள என் பாவாவுக்குக் குடுக்க நடுவுல கடைக்கு இன்னாத்துக்கு விக்கணும்?" தாளைத் திருப்பி முதலாளி பக்கமே தள்ளிவிட்டார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ரெண்டு வழி கீது. கடை வழியா போனா வரி உண்டு, இன்னிக்கே கையில வாங்கிகினு போலாம். நேரா கை மாத்தினா வரி இல்ல. ஆனா இவரு கலெக்டருக்கு எழுதிக் குடுத்துட்டு நாப்பத்தஞ்சு நாள் காத்துகினு இருக்கணும். அதுவரைக்கும் துப்பாக்கி இங்கதான். எது வேணும்?"

"காத்துக்கறோம் சார்" என்றேன். நைனாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி. லைசென்ச எடுங்க, நம்பர் குறிச்சிக்கிறேன்."

துப்பாக்கி கண்முன் இருந்தது, வேண்டுதல் முடிந்தது. நைனா மஞ்சள் முடிச்சை எடுத்தார். கயிறு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தார். குங்குமம் கண்ணாடிப் பெட்டிமேல் கொட்டியது. முதலாளி பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டை விரலால் சுரண்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கடைசி தேதி போட்டிருக்காங்களே, பாத்தீங்களா? அந்த தேதிக்குள்ள துப்பாக்கி வாங்கி இதுல ஏத்தணும். இல்லாட்டி லைசென்ஸ் செல்லாது."

நான் எட்டிப் பார்த்தேன். இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

நைனாதான் முதலில் பேசினார். "சரி, வரி கட்டிட்றோம். ஊருக்குப் போய் எடுத்துகினு வரேன். மச்சான், நீ அந்தத் தாள்ல போட்டுடு."

மாமா அசையவில்லை. "பாவா, நீ கட்டுவே. நான் போட மாட்டேன். வாணாம்னு சட்டமே சொல்லுது, புள்ள படிச்சி சொல்லிச்சி. செய்யாத யாபாரத்த செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டு நான் ஊர்ல எப்படி நடப்பேன்?"

நானும் கெஞ்சினேன். "மாமா, நான் தேதி தெரியாம பேசிட்டேன்."

"தேதி மாறலாம், சட்டம் மாறுமா? நீதானே சொன்னே?"

என் வார்த்தைகளையே எனக்கு எதிரே சுவராக வைத்துவிட்டார். மாமா அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல கூட்டம். நைனா கதவோரம் நின்றுகொண்டு வந்தார். அரக்கோணத்தில் கூட்டம் இறங்கியபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணாடிய கழட்டி தொடச்சான் பாரு பாப்பா. உன் கேள்விக்கு அவனால பதில் சொல்ல முடியல" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே இரண்டு மனு எழுதினேன். மாமா பெயரில், துப்பாக்கியை இன்னாருக்கு மாற்றப்போகிறேன் என்ற அறிவிப்பு. நைனா பெயரில், கெடுவை நீட்டித் தரச் சொல்லி ஒன்று. பயிர் நிற்கிற நிலத்தின் சர்வே எண், பன்றி இறங்குகிற பக்கம், கடையில் துப்பாக்கி இருப்பதற்கான ரசீதின் நகல், எல்லாம் சேர்த்தேன். திங்கட்கிழமை மனு நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றோம். அந்தப் பிரிவில் இருந்த குமாஸ்தா முழுதும் படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"கெடு முடியறதுக்குள்ள குடுத்துட்டீங்க, அது நல்லது. பதில் வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

இரண்டு நகல்களிலும் முத்திரை குத்திக் கொடுத்தார். நாற்பத்தைந்தில் முதல் நாள் அன்றுதான்.

அதற்குப் பிறகு நாட்களை எண்ணுவதைத் தவிர வேலை இல்லை. கல்லூரிக்குப் போவேன், பஸ்ஸில் எண்ணுவேன். ஐப்பசி பிறந்ததும் பன்றிகள் இறங்கின. ஒரு காலையில் நானும் நைனாவோடு காட்டுக்குப் போனேன். குன்றை ஒட்டின பக்கம் முழுக்க உழுது போட்டதுபோல் கிடந்தது. செடிகள் வேரோடு மல்லாந்து கிடந்தன. வெள்ளை வெள்ளையாகப் பிஞ்சுகள், பாதி கடித்தவை, மிதிபட்டவை. நைனா துண்டை விரித்து, தேறக்கூடியதைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன். அம்மா கஞ்சியோடு வந்து வரப்பில் நின்றாள்.

"வரிய கட்டியிருந்தா ஒரு வேட்டு போட்டிருக்கலாம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. குன்றைப் பார்த்துச் சொன்னாள்.

நைனா நிமிராமலே சொன்னார். "வரிய கட்டிட்டு மச்சான் கைய யாரு புடிச்சி எழுத வெக்கிறது? பொறுக்கு, பேசாத."

கெடுத் தேதி வந்தது, போனது. பதில் வரவில்லை. அன்று நைனா சாமி படத்துக்குப் பின்னால் இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தார். இரண்டு வருட அலைச்சல், அவர் கற்றுக்கொண்ட கையெழுத்து, எல்லாம் என் ஒரு பேச்சில் போய்விட்டது என்று நான் நம்பினேன். வரிப் பாடத்தின் புத்தகத்தை நாலு நாள் தொடவில்லை.

நீட்டிப்பு உத்தரவு கெடு முடிந்து ஐந்தாம் நாள் வந்தது. தலையாரிதான் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை நான் முதலில் தேதியைப் படித்தேன், பிறகு மற்றதை. நைனா அதையும் சாமி காலில் வைக்க எடுத்தபோது, "ஜெராக்ஸ் எடுத்துட்டு வெச்சிக்கோ நைனா" என்றேன்.

நாற்பத்தைந்து நாள் முடிந்து மூன்று பேரும் மறுபடி ரயிலேறினோம். முதலாளி எங்களைப் பார்த்ததும் நீலப் பேரேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மாமாவின் பெயருக்கு எதிரே, இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி நைனாவிடம் கையெழுத்து வாங்கினார். நைனா நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போட்டார். வைத்திருந்ததற்கான கூலிக்கு மட்டும் ஒரு ரசீது. வரி இல்லை. லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணை ஏற்றிவிட்டு முதலாளி என்னிடம் சொன்னார்:

"வரி கணக்கு உனுக்கு நல்லா வருதும்மா. அடுத்த தபா மொதல்ல தேதிய பாரு."

மாமா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "தேதியெல்லாம் சாமி பாத்துகினாரு, போய்யா."

கோணி சுற்றிய துப்பாக்கியோடு ரயிலில் வந்தது நினைவிருக்கிறது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் கோணியைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க அது, கடப்பாரையா?" என்றாள். நைனா "ஆங், கடப்பாரதான்" என்றார். மாமா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காட்டில் கடலை பிடுங்கி முடிந்திருந்தது. காவல் காக்க ஒன்றுமில்லாத காட்டுக்குத்தான் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அடுத்த வருடம் அது வேலை செய்தது. பொழுது சாய்கிற நேரத்தில் நைனா வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு போடுவார். சத்தம் குன்றில் மோதித் திரும்பி வரும். கரும்புக்குள் சலசலப்பு ஓடும். எங்கோ கோயில் குரங்குகள் கத்தும். ஒவ்வொரு வேட்டுக்கும் அம்மா காதைப் பொத்திக்கொண்டு நைனாவைத் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குழலைத் துடைக்க உட்கார்ந்தால் வீடு முழுக்க அந்த எண்ணெய் வாசனை. தேர்தல் வந்தால் கோணி சுற்றி ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போவார், ரசீதை என்னிடம் கொடுப்பார். தோட்டாக்களை பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டியிருப்பார். இப்போது எண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த ஞாயிறுகள்தான். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருக்கிறேன்.

படிப்பு முடிந்து ஊரில் ஒரு வரி ஆலோசகர் ஆபீசில் சேர்ந்தேன். கற்பூரக் கடை, பாத்திரக் கடை, கனகம்மாசத்திரத்திலிருந்து வரும் உரக்கடை என்று கணக்குகள் வந்தன. விற்பனை வரி போய் வாட் வந்தது; ஊரே குழம்பிய அந்த மாதங்களில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். ஏனென்று அங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நைனாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகு துப்பாக்கியைத் துடைப்பதோடு சரி, வரப்புக்குக் கொண்டுபோவதில்லை. ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடலாம் என்றார். பன்றிகளோ கண் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. போன கடலைப் போகத்தில் பழைய இடத்திலேயே இறங்கின. நிலத்தைப் பார்க்க எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. ஒரு நாள் சொன்னேன், என் பேருக்கு மாத்திக் குடு நைனா என்று.

"ஊர்ல சிரிப்பாங்கோ பாப்பா."

"சிரிக்கட்டும். பன்னி சிரிக்காம இருந்தா போதும்."

பயிர்ப் பாதுகாப்புக்கென்று என் பெயருக்கு மனு போட்டேன். மணியக்காரர், ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ். "பொண்ணு பேருக்கா?" என்று எல்லா இடத்திலும் ஒருவர் கேட்டார். தொழில் என்ற இடத்தில் வரிக் கணக்கு, விவசாயம் என்று இரண்டையும் எழுதினேன். லைசென்ஸ் போன மாதம் வந்தது. மலைக்குக் கொண்டுபோனேன். ஆனால் படியேறுவதற்கு முன்பே கடைசித் தேதியைப் படித்துவிட்டேன். தொண்ணூறு நாள் கொடுத்திருந்தார்கள்.

மாமா இப்போது கட்டிலைவிட்டு அதிகம் எழுவதில்லை. செய்தி கேட்டதும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இதுக்கு வரி உண்டா புள்ள?" என்றார்.

"அப்பா பொண்ணுக்குக் குடுக்கறாரு மாமா. வித்தாத்தானே வரி."

"அத்தான பாத்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நைனா பெயரில் அறிவிப்பு எழுதி, அவரை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி, திருவள்ளூரில் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய நகல் என் கைப்பையில் இருக்கிறது. நாற்பத்தைந்தில் பதினொரு நாள் போய்விட்டது.